என் பேரில் ஒரு ரைஃபிள்

ரிச்சர்ட்சன் ஊரில் இருக்கும் எங்கள் ஆபீசில் என் டீம் ஆண்கள் வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போவார்கள். என்னைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிடாவிட்டால் போங்கள், நானே போகிறேன் என்று பழைய ரைஃபிள் ஒன்று வாங்கக் கிளம்பினேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் ஒன்றை எடுத்து, கூட வந்த என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, புதுசு மாதிரி, நானூறு டாலர் என்றார். வீட்டுக்காரர் எனக்குக் கார் ஓட்ட மட்டும் வந்த மனுஷன். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஆபீசில் ரிப்பேருக்கு வரும் போன் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. யாருமே திறக்கவில்லை என்று அனுப்பினவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். நான் முதலில் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பேன். இதிலும் ஸ்க்ரூத் தலைகள் குதறிக் கிடந்தன. குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் ஒரு நம்பர், துப்பாக்கியின் உடம்பில் வேறு நம்பர்.

“ரெண்டு துப்பாக்கியைப் பிரிச்சு ஒண்ணாக்கியிருக்கு. சுடறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க யாராவது செக் பண்ணணும். இருநூத்தம்பதுக்கு மேல தர மாட்டேன்” என்றேன்.

கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் என் விலைக்கு வந்தார். வாங்குகிறவர் பேரில் ஃபாரம் நிரப்ப வீட்டுக்காரரின் டிரைவிங் லைசென்ஸைக் கேட்டார். நான் என்னுடையதை எடுத்து மேஜையில் வைத்தேன்.