கார் இல்லாத பாதையில் சோற்றுப் பார்சல்

மெல்பேர்னில் நடுத்தர வயதுத் தமிழ் ஆண்களை ஒரு காலத்தில் கிரிக்கெட் பிடித்து ஆட்டியது. பிறகு கரோக்கி. இப்போது சைக்கிள். என் கணவரையும் அது விட்டுவைக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் தொடையை இறுக்கும் கறுப்புக் காற்சட்டையும், முதுகில் ஏதோ இத்தாலியக் கம்பனியின் பெயர் எழுதிய மஞ்சள் மேற்சட்டையும் மாட்டிக்கொண்டு, கிளேட்டனிலிருந்து ஏரிப் பூங்காவுக்குக் காரில் போவார். சைக்கிள் காரின் பின்னால் தொங்கிக்கொண்டு போகும். கூட்டாளிகளோடு ஏரியைச் சுற்றிவிட்டு, சுற்றியதைவிட அதிக நேரம் கோப்பிக் கடையில் இருந்து சைக்கிளைப் பற்றிப் பேசுவார்கள். புதிய சக்கரத்தில் இருநூறு கிராம் நிறை குறைந்ததாக ஒருவர் எங்கள் வீட்டில் வைத்துப் பெருமை பேசியபோது, அவருடைய வயிற்றைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு கப்டன். பல் வைத்தியர். தன்னைக் கப்டனாக்கியதும் அவரேதான். போன சித்திரையில் அவர் ஒரு பயணத்தை அறிவித்தார். யாரா பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய ரயில் பாதை ஒன்றைத் தண்டவாளம் கழற்றி சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்களாம். கார் இல்லை, லொறி இல்லை, வழியெல்லாம் வைன் ருசி பார்க்கலாம். கார் இல்லாத அந்தப் பாதைக்கு ஐந்து கார்களில் போவதென்று முடிவாகியது. பெண்களுக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக ஒரு வான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில், யுத்தத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலத்தில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம், டியூஷன், சங்கக் கடை, ஆஸ்பத்திரி, எல்லாம் சைக்கிளில்தான். பின்னால் மாவு மூட்டை இருக்கும், இல்லாவிட்டால் காய்ச்சல்கார அம்மா இருப்பா. அதில் அழகு ஒன்றும் கிடையாது. வேறு வழியில்லை, ஓடினோம். ஆனால் ஓடும்போது நான் யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை என்ற ஒரு நிமிர்வு இருந்தது. மெல்பேர்னுக்குக் கல்யாணம் கட்டி வந்த பிறகு அது போய்விட்டது. ஒரு சைக்கிள் வாங்குவோம் என்று புதிதில் கேட்டேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் கேட்டேன். "உமக்கு இந்த ரோட்டில ஓடுறது சரிவராது. கார்க்காரன் அடிச்சுப்போட்டுப் போயிடுவான்" என்றார் கணவர். பயத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். கொழும்பில் வளர்ந்த மனிதர். நான் எப்படி ஓடியவள் என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே கார் இல்லாத பாதை என்றதும் எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. அந்தப் பாதை முழுவதும் சைக்கிள் ஓட வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அன்றிரவுச் சாப்பாட்டின்போதே கேட்டேன்.

"கார் வராத பாதை எண்டுதானே சொல்லுறியள். நானும் ஓடட்டே?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "அப்ப சாப்பாடு?" என்றார்.

எங்கள் ஆட்கள் சந்திரனுக்குப் போனாலும் மத்தியானம் சோறு வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் சாப்பாட்டுக் கடைக்குப் பஞ்சமில்லை. பாணும் சீஸும் ஒலிவ் காயும் பலகையில் அடுக்கித் தருவார்கள். அதைக் கப்டன் படமெடுப்பார், சாப்பிடமாட்டார். அதனால் விடியற்காலையில் எழும்பி நானும் கப்டனின் மனைவியும் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மிளகாய் என்று பார்சல் கட்டினோம். கப்டன் வரைபடத்தில் விரலை வைத்து, "அக்கா, இந்த ஸ்டேஷனில நிண்டு தாங்கோ. சரியா நடுவில வருது" என்று என்னிடம் உத்தரவு போட்டார்.

ஆண்கள் கிளம்பிய கோலம் பார்க்க வேண்டியது. கறுப்புக் கண்ணாடி, விரலில்லாக் கையுறை, மிதியில் பூட்டிக்கொள்ளும் சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு நடப்பவர்கள் குதிக்கால் வெடித்த வாத்து மாதிரித்தான் நடக்க முடியும். முதல் திராட்சைத் தோட்டம் வந்ததும் இறங்கி, கிண்ணத்தைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, "ஓக் மரத்தின்ர வாசம்" என்று கப்டன் சொன்னாராம். பிறகு அவரே சொல்லிக் கேட்டதுதான். கொண்டாட்ட வீடுகளில் காரின் டிக்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்று விஸ்கியை ஒரே மடக்கில் விழுங்கும் மனிதர், ஓக் மரத்தை எந்தக் காட்டில் கண்டார் என்று தெரியவில்லை.

நானும் கப்டனின் மனைவியும் வானில் போனோம். அவதான் ஓட்டினா. நடு ஸ்டேஷனுக்கு வழி தேடினோம், வழியே இல்லை. ரயில் நின்ற காலத்து மேடை மட்டும்தான் அங்கே இருக்கிறது, சுற்றிலும் தோட்டம். தோட்டத்துக்குள்ளால் போகும் மண் ரோட்டில் பூட்டிய கேற். கார் வராத பாதை என்று நாட்கணக்கில் பெருமை பேசிய அத்தனை பேரும், அந்தப் பாதைக்கு நடுவே வானில் சோற்றை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மண்டையிலாவது அது உறைக்கவில்லை. கப்டனுக்குப் போன் எடுத்தோம். "எப்பிடியாவது கொண்டு வாங்கோ, எல்லாருக்கும் கால் பிடிச்சுப் போச்சு" என்று முனகினார்.

"என்னக்கா செய்வம்?" என்றா கப்டனின் மனைவி. அவவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.

"வானைத் திருப்பும்" என்றேன்.

புறப்பட்ட இடத்திலேயே சைக்கிள் வாடகைக்கு விடும் கொட்டகை ஒன்று இருந்தது. முன்னால் கூடையும் பின்னால் கரியரும் உள்ள பச்சைச் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். ஹெல்மெட்டைப் போட்டேன். பாதி பார்சல்களைக் கூடையில் அடுக்கி, மீதியைக் கரியரில் வைத்து ரப்பர் பட்டியால் இறுக்கினேன். வானைக் கடைசி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன். சோறு கொண்டு போகத்தான் எனக்குச் சைக்கிள் கிடைத்தது என்று நினைக்க எரிச்சல் வந்தது. வந்த எரிச்சலோடு ஏறி மிதித்தேன். முதலில் ஆடினேன். மனதுக்குள் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். பிறகு ஆடவில்லை.

ரயில் ஓடிய பாதையில் பெரிய ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் கொடியைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். இலை பழுத்துச் சிவந்திருந்தது. எங்கள் ஊரிலும் திராட்சை உண்டு, தலைக்கு மேலே பந்தலில் காய்க்கும். இதைக் கண்டு வாயைப் பிளந்து படமெடுக்க எனக்கு அவசியம் இருக்கவில்லை. ஆனால் காற்று முகத்தில் அடித்தது. கரியர் கடகடவென்றது. எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கோழிக்கறி மணத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சொல்லுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நடு மேடையில் எங்கள் வீரர்கள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மல்லாந்து கிடந்தார்கள். ஒருவர் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தண்ணீர்ப் போத்தலை நெற்றியில் வைத்திருந்தார்.

"சாப்பாடு வந்திட்டுது!" என்று கப்டன் கத்தினார்.

சாப்பாடு வந்ததைத்தான் கண்டார்கள். அதை யார் எதில் கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் கண் தெரியவில்லை. இறங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பார்சல் பிரித்துக் கொடுக்க வேண்டும், தண்ணீர் வார்க்க வேண்டும், "சரி, நீர் மெல்லத் திரும்பிப் போம்" என்று கணவர் அக்கறையோடு சொல்லுவார். பாதி வழியோடு என் ஆசை முடியும். நான் இறங்கவில்லை. மணியை அடித்தேன்.

"சாப்பாடு கடைசி ஸ்டேஷனில. ஓடி வாங்கோ!"

பின்னால் எழுந்த கூக்குரலை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். அவர்கள் சப்பாத்தைத் தேடி மாட்டி, மிதியில் பூட்டுவதற்குள் நான் வளைவைத் தாண்டிவிட்டேன். இருநூறு கிராம் குறைந்த சக்கரத்தால் கூட என்னைப் பிடிக்க முடியவில்லை.

கடைசி ஸ்டேஷன் புல்வெளியில் கப்டனின் மனைவி பாய் விரித்து வைத்திருந்தா. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து விழுந்து, பேச்சு மூச்சில்லாமல் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்த பிறகுதான் கப்டனுக்கு என் முகம் தெரிந்தது.

"அக்கா, நீங்கள் உப்பிடி ஓடுவியளெண்டு ஆருக்குத் தெரியும்!"

என் கணவர் விரலைச் சூப்பியபடி பெருமையாகச் சிரித்தார். "எனக்குத் தெரியும். பொம்பிளை பார்க்க வீட்டுக்கு வரமுதல் நான் தனிய இவவின்ர ஊருக்கு வந்து சந்தியில நிண்டு பார்த்தனான். பின்னால மாவு மூட்டை, ஒரு கையில குடை, மற்றக் கையால ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு, மண்ணெண்ணெயில ஓடுற லொறியையும் வெட்டி விலத்திக்கொண்டு போறா. அதைக் கண்டிட்டுத்தான் வீட்டில ஓமெண்டு சொன்னனான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையில் இருந்த சோற்றைத் திரும்பப் பார்சலில் வைத்தேன். அவருக்குத் தெரியாது என்று நம்பித்தான் நான் இத்தனை வருடமும் மன்னித்து வந்தேன். தெரியாத மனிதரை மன்னிக்கலாம். கண்டு, பிடித்துப்போய், அதற்காகவே கட்டிக் கொண்டுவந்து காரில் பக்கத்து சீற்றில் இருத்தி வைத்தவரை என்ன செய்வது? அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. நல்ல கதை ஒன்று சொன்ன திருப்தி மட்டும் இருந்தது.

கையைக் கழுவிவிட்டு ஹெல்மெட்டை எடுத்தேன். வாடகைச் சைக்கிளை எடுத்த இடத்தில் கொடுக்க வேண்டும்.

"அதை வானில ஏத்துவம். நீர் ஏன் தனியப் போறீர்?" என்றார் கணவர்.

"அப்பவும் தனியத்தான் போனனான்" என்றேன். "அண்டைக்கு நிண்டு பார்த்த மாதிரி இண்டைக்கும் நிண்டு பாருங்கோ."

ஏறி மிதித்தேன்.