இலைக்குள்ளே எல்லாம் இருக்கிறது என்றேன்

ஆறுமுகநேரி உப்பளத்தை ஒட்டிய கத்தரித் தோட்டத்துக்கு நான் போனது இலை பறிக்க. நாட்டுக் கத்தரி வகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குச் செடிக்கு இரண்டு தளிர் போதும்.

கிணறு உப்புக் கரித்துப்போய் அக்கம்பக்கத்தார் எல்லாம் வெள்ளாமையை விட்டுவிட்ட இடத்தில் அந்தத் தோட்டக்காரருடைய செடி மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது. இந்த விதை வேறு யாரிடமும் கிடையாது என்றார். எல்லாத் தோட்டத்திலும் இதைத்தான் சொல்வார்கள், நான் நம்பவில்லை. விதைக்கென்று துணி கட்டி விட்டிருந்த ஒரு மஞ்சள் பழத்தைப் பறித்து நீட்டினார்.

“இதையும் கொண்டு போம்மா. தண்ணி நாளுக்கு நாள் கரிக்குது. எங்கிட்ட அழிஞ்சு போனாலும் ஒங்கிட்ட இருக்கும்லா.”

பழம் நசுங்கி என் இலைப் பொட்டலங்கள் நனைந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

“பழம் வேண்டாம் அண்ணாச்சி. எல்லாம் இந்த எலைக்குள்ளயே இருக்கு” என்றேன். கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

மழைக்காலம் முடிந்த பிறகுதான் முடிவு வந்தது. அவருடைய இலையின் டிஎன்ஏ கோடுகள் வேறு எந்த வகையோடும் ஒத்துப்போகவில்லை. என் கைத்தவறு என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அது தனியாகவே நின்றது. வாங்காமல் விட்ட விதையை வாங்கிவிட வேண்டும் என்று மறுநாளே மில்லர்புரத்தில் பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் ஒரு செடிகூட இல்லை. வெள்ளத்தோடு கலந்த உப்பளத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கி நின்றிருக்கிறது. சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதையும் வீட்டுச் சுவரோடு போய்விட்டது. ஆனால் அவர் புது மண் அடித்து, நாற்றங்கால் கட்டி முடித்திருந்தார். வாளித் தண்ணீரோடு வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“நீ வருவேன்னு தெரியும். ஒரு சிட்டிகை வெதை போதும்மா.”

என்னிடம் இருந்தது உறைபெட்டியில், சின்னக் குழாய்க்குள், இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏ இரண்டு சொட்டு.

“அந்த எலையில இருந்து மொளைக்க வைக்க முடியாது அண்ணாச்சி.”

“எல்லாம் அதுக்குள்ள இருக்குன்னு சொன்னியேம்மா.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. தூக்கி வந்த தண்ணீரை வெறும் நாற்றங்காலின் ஓரத்தில் இறக்கி வைத்தார்.