எங்கள் வீட்டு லைன்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது 1999இல். பின்போர்ஷனில் குடியிருந்தவர் சனிக்கிழமைதோறும் சரியாக நான்கு மணிக்கு, சலவை வேட்டியோடு வருவார். அமெரிக்காவிலிருக்கும் அவர் மகனின் மெயிலை நான் திறந்து தருவேன். மனைவிக்குப் படித்துக் காட்டுவதற்காக, கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்புறத்தில் அதை வரிவரியாக எழுதிக்கொள்வார்.

"தொந்தரவா இல்லையே, சார்?"

"இல்லை மாமா."

அந்த ஐப்பசியில் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். மாமா வீட்டில் போன் கிடையாது. ஆஸ்பத்திரியில் எங்கள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். நெட்டும் அதே போன் லைனில்தான்; அது ஓடும்போது போன் வராது. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொன்னால் எழுந்து போகச் சொல்வது போலாகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை முக்கால் மணி நேரம் எழுதினார்.

இணைப்பைத் துண்டித்ததும் போன் அடித்தது. வார்டு ஆயா பேசினாள்.

"இன்னா சார், அரை மணியா எங்கேஜ்டாவே கீது. அந்தம்மா அவரையே கேட்டுக்கினு இருக்காங்க. சீக்கிரம் வரச் சொல்லு."

அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியங்கள் ஆனபின் வந்த முதல் சனிக்கிழமை, அதே நான்கு மணிக்கு வந்தார். கையில் காலண்டர் தாள் இல்லை. உட்காருவதற்கு முன் கேட்டார்.

"இது ஓடறச்சே போன் வராதாமே. உங்களை யாராவது கூப்பிட வேண்டியிருக்கா, சார்?"

குத்திக்காட்டினாரா, எனக்காகத்தான் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல, "இல்லை மாமா" என்றேன்.