அண்ணன் சர்க்கரை, தம்பி பேரில்

கையைப் பிடித்துப் பார்க்காமல் வைத்தியம் செய்கிற தொழிலில், கையைப் பிடிக்கிற வேலை என்னுடையது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் பின்னறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு நாற்காலி. டாக்டர் சென்னையிலிருந்து திரையில் வருவார். நான் நர்ஸ். பி.பி. பார்ப்பேன், பழைய ரிப்போர்ட்டை ஏற்றுவேன், இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்கு அந்தக் காகிதங்களையும் நானே தயார் செய்வேன். விதி இது என்று சொன்னால் ஜனங்கள் திட்டுவார்கள். ஜனங்கள் இப்படி என்று சொன்னால் இந்த வீடியோ வைத்தியத்தை நடத்துகிற கம்பெனி திட்டும். கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தப்பு செய்கிறவர்கள் எப்போதும் கவுண்டருக்கு அந்தப் பக்கம்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு நான் ஒன்று செய்தேன். அதில் ஒருவருடைய ஆபரேஷன் பணமும் என் வேலையும் சேர்ந்து தொங்கின. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலில் மற்றவர்கள் கதை.

கார்டு வந்துவிட்டது

நோய் யாருக்கோ அவர் டாக்டர் கண்முன் இருக்க வேண்டும், இவர்தான் அவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். விதி அவ்வளவுதான். நம்மவர்கள் அதில் பின்பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

தளவானூரிலிருந்து ஒருவர் வந்தார். மனைவியின் ஆதார் கார்டை மேசைமேல் வைத்துவிட்டு, தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தம்மா எங்கே என்றேன். களையெடுக்கப் போயிருக்கிறாளாம். அந்தம்மாவைப் பார்க்காமல் டாக்டர் மருந்து எழுதக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். மனுஷனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"ரேஷன்ல வூட்ல யாரு வெரல வெச்சாலும் அரிசி போடுறான். இங்க மட்டும் வவுத்துவலிக்காரியே வரணுமா?"

ஓடுகிற பஸ்

அமாவாசையன்று எங்கள் கவுண்டர் காற்றாடும். ஊரே மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸில் இருக்கும். அப்படி ஒரு அமாவாசையில், முன்பே நேரம் வாங்கியிருந்த ஒருவர் வரவில்லை. போன் செய்தால் பஸ்ஸிலிருந்து பேசினார். வீடியோவில் இணைத்துவிட்டேன். திரையில் அவர் முகம் கால்வாசி, மற்றவர்களின் அக்குள் முக்கால்வாசி.

டாக்டருக்கு அவருடைய பழைய சீட்டிலிருந்தே மூலநோய் என்று தெரியும். நாலு பேர் காதில் விழும்படி நோயைப் பேசக்கூடாது, அது உங்கள் அந்தரங்கம், இறங்கிய பிறகு கூப்பிடுங்கள் என்றார். பதில் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"மூணு பேர் எழுந்து சீட்டு குடுத்தும் ஒக்காராம நின்னுகினு வரேன். பஸ்ஸுக்கே தெரியும், நீங்க சும்மா கேளுங்க டாக்டர்."

படுத்தால்தான் பணம்

ஆஸ்பத்திரி புறநோயாளிச் செலவுக்குப் பணம் தருகிற பாலிசி என்றால், வீடியோ டாக்டருக்கும் தரும். படுக்கையில் சேர்ந்தால்தான் தருவேன் என்கிற பாலிசி, வீடியோவுக்குச் சல்லிக்காசு தராது. இதை நான் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்கிறேன். என் கணவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் பாலிசியை நீட்டினார். படித்துப் பார்த்து, "இதுல இருபத்துநாலு மணி நேரம் அட்மிட் ஆனாத்தான் தருவாங்க" என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். காத்திருப்பவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"நாளிக்கி இந்நேரம் வரிக்கும் இங்கியே படுத்துக்கறேன் சிஸ்டர். டீ மட்டும் சொல்லிடு."

ஒரே வயிறு

இனி என் கதை. சரவணன் பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அவர் எடுத்த குடும்ப பாலிசியில் வீடியோ டாக்டர் இலவசம். ஆனால் அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், இந்த நாலு பேருக்கு மட்டும். ஒருநாள் அண்ணன் ஏழுமலையை அழைத்து வந்தார். ஏழுமலை சிங்கவரத்தில் வேர்க்கடலை பயிர் வைக்கிறவர். ஆறு வருடமாகச் சர்க்கரை, இப்போது காலில் எரிச்சல். இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது.

"என் பேர்ல காட்டிடலாம் சிஸ்டர்" என்றார் சரவணன். வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். முடியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும், ஆனால் சண்டை அரைமணி நேரம் நடக்கும். சரவணனின் கார்டை நானே கேமராவுக்குக் காட்டினேன். அண்ணன் தம்பிக்கு ஒரே மூக்கு, ஒரே நெற்றி. டாக்டர் "சரவணன்தானே?" என்று கேட்க, ஏழுமலையின் தலை ஆடியது. 'சரவணன், ஆறு வருடச் சர்க்கரை' என்று சீட்டு வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. சரவணனுக்கு உறுத்தவில்லை.

"ஒரே வவுத்துல பொறந்தவங்க சிஸ்டர். யாரு பேர்ல இருந்தா இன்னா?"

வந்தது கடிதம்

அடுத்த வருடம் சரவணனுக்குப் பித்தப்பையில் கல். புதுச்சேரியில் ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் வந்துவிடும் என்ற தைரியத்தில் மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்தார். பணத்துக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. பாலிசி எடுக்கும்போதே உங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கிறது, மறைத்துவிட்டீர்கள், அதனால் பணம் கிடையாது, பாலிசியும் ரத்தாகும், மறுப்பு இருந்தால் பதினைந்து நாளில் ஆதாரம் அனுப்பவும். கூடவே, மறைத்ததற்கு ஆதாரமாக என் அறையில் எழுதிய அந்தச் சீட்டின் நகல். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சரவணன் என்னிடம் வந்தார்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை என்று வந்ததை அனுப்பிப் பார்த்தோம். மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று பதில். வீட்டில் மனைவி, இத்தனை நாள் என்னிடமே மறைத்தாயா என்று முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். சரவணன் என் அறை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"எனக்கு சக்கர இருக்குதுன்னு எனக்கே லெட்டர் போட்டு சொல்றாங்க சிஸ்டர். அத என் பொண்டாட்டியும் நம்புறா."

டாக்டரிடம் சொன்னேன்

வீடியோவைப் பதிவு செய்து வைப்பதில்லை. அன்றைக்கு நாற்காலியில் இருந்தது சரவணன் இல்லை என்று சொல்லக்கூடிய வெளியாள் நான் ஒருத்திதான். எழுதிக் கொடுத்தால் எங்கள் கம்பெனி என்னை வேலையை விட்டு நிறுத்தலாம். என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் காலேஜ் பஸ்ஸும் ஓடுகின்றன. இரண்டு நாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்தேன்.

மூன்றாம் நாள், கடைசி நோயாளி போனதும், திரையை அணைக்கப் போன டாக்டரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தலை குனிந்துதான் சொன்னேன். அவருக்கும் இது தலைவலிதான். அடையாளம் பார்க்க வேண்டிய பொறுப்பு அவருடையது. திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கார்டையும் பாத்தேன், முகத்தையும் பாத்தேன், ரெண்டையும் சேத்துப் பாக்கலம்மா. நீங்க எழுதுங்க, நானும் எழுதறேன்."

ஏழுமலையின் கையெழுத்து

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரவணனுக்குப் பணம் வந்தது, பாலிசியும் பிழைத்தது. டாக்டரிடம் விளக்கம் கேட்டார்கள். என்னை இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்து, எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்ப எடுத்தார்கள். கோபமில்லை. செய்ததற்கு அது குறைவுதான்.

ஆனால் நாங்கள் இருவர் எழுதியது போதவில்லை. அன்று உட்கார்ந்தவன் நான்தான், நோய் எனக்குத்தான் என்று ஏழுமலையும் எழுதித் தர வேண்டியிருந்தது. அதில் ஒரு சிக்கல். அந்த மாதம்தான் அவர் தனக்கென்று ஒரு பாலிசி எடுக்க ஏஜென்ட்டிடம் பேசியிருந்தார். சர்க்கரையைச் சொல்லாமல் விட்டால் சுலபம் என்று ஏஜென்ட் ஆசை காட்டியிருந்தார். இங்கே கையெழுத்துப் போட்டால் அந்த வழி அடைபடும். பிரீமியம் கூடும், சர்க்கரையால் வரும் எதற்கும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பாலிசியே கிடைக்காமலும் போகலாம். அண்ணனிடம் கேட்கவே சரவணனுக்கு வாய் வரவில்லை. நான்தான் போன் செய்தேன்.

கடலை பிடுங்குகிற வேலையைப் பாதியில் விட்டு, நகக்கண்ணில் மண்ணோடு சிங்கவரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். "யோசிச்சுக்கண்ணே, நாளிக்கி உனக்கு ஒண்ணுன்னா ஒரு பைசா வராது" என்றார் சரவணன், தரையைப் பார்த்தபடி. ஏழுமலை பேனாவை வாங்கிக்கொண்டார்.

"என் சட்டயப் போட்டுகினு வளந்தவன்டா நீ. சட்டயக் குடுத்தேன் சரி, சக்கரயக் குடுப்பனா? என் நோவு என் பேர்லயே இருக்கட்டும், எங்க கையெழுத்து போடணும் காட்டும்மா."

டாக்டர் எத்தனை தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நோயும் அதன் சொந்தக்காரரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதச் சம்பளம் ஆயிற்று.