பச்சைப் பெயிண்டு அடித்த கிரேன்

இன்று ராயபுரத்தில் என் வயிறு எரிந்த கதையை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நானும் பக்கத்துப் பட்டறைக் கோவிந்தனும் துறைமுக ஏலத்தில் ஆளுக்கொரு பழைய நீராவிக் கிரேன் எடுத்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே துரு. அதில் ஒன்றை வாங்கத் திருவொற்றியூரில் மரவாடி வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி காலையில் வந்தார்.

நான் என்னுடையதை ஒரு வாரம் சுரண்டி, பாய்லர் வரைக்கும் பச்சைப் பெயிண்டு அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தேன்.

கோவிந்தன் துருவைத் தொடவே இல்லை. விடியற்காலையிலேயே கரி போட்டு நீராவி ஏற்றி வைத்திருந்தான். அண்ணாச்சி வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு தேக்கு மரத்தைத் தூக்கிக் காட்டினான்.

அண்ணாச்சி என் பாய்லரை விரலால் தடவிப் பார்த்தார்.

"புதுப் பெயிண்டுக்கு அடியில எந்த விரிசல் கெடக்கோ, யாரு கண்டா? எனக்கு அந்தத் துருப்பிடிச்சதே போதும்" என்றார்.

கோவிந்தன் கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். என் பாய்லரில் ஒரு கீறல்கூடக் கிடையாது, சத்தியம்!

சாயங்காலம் கோவிந்தன் லட்டுப் பொட்டலத்தோடு வந்தான்.

"இன்னா நைனா, மூஞ்சி ஏன் இப்டி கீது? துன்னு" என்றான்.

தின்றேன். நல்ல நெய் லட்டு. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போகும்போது வாசலில் நின்று கேட்டான்: "அந்தப் பச்சைப் பெயிண்டு மீதி கீதா? சோக்கா கீது நைனா. என் வூட்டுக் கதவுக்கு அடிக்கலாம்னு பாக்குறேன்."

டப்பா இப்போது என் கையில் இருக்கிறது. கொடுப்பதா, அவன் தலையில் கவிழ்ப்பதா, நீங்களே சொல்லுங்கள்.