மூன்று மணிக்கு மேல் அர்த்தமில்லை

எங்கள் வீட்டுக்குச் செல்போன் வந்தபோது நான் கருவூலத்திலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியிருந்தது. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மகன் வாங்கி வந்தான். “மாசா மாசம் பில்லு வராதுப்பா. கார்டு போட்டுப் பேசிக்கிட வேண்டியதுதான். ஒரு கையெழுத்துக்கூட கெடையாது” என்றான். முப்பத்திரண்டு வருடம் கையெழுத்தில்லாமல் ஒரு பைசா நகர விடாதவனிடம் இதை ஒரு வசதியாகச் சொன்னான்.

நூறு ரூபாய்க் கார்டைச் சுரண்டினால் உள்ளே எழுபது சொச்சம் இருக்கும். மீதி, நான் அவர்களிடம் பணம் கொடுத்ததற்கு அவர்களுக்கு நான் தரும் கூலி. அந்த எழுபதுக்கும் ஒரு மாதம்தான் ஆயுள். வங்கியில் சும்மா போட்டு வைத்தால் வட்டி; இங்கே சும்மா போட்டு வைத்தால் கருமாதி.

ஆகவே பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். விருதுநகரில் பாதிப் பேர் அப்படித்தான் போன் வைத்திருந்தார்கள். மிளகாய் மண்டிக்கு லாரி வந்து சேர்ந்ததைக்கூட ஒரு மிஸ்டு காலில் முடித்துக்கொள்வார்கள். நான் கொஞ்சம் திருத்தமாகச் செய்தேன். ஒரு மணி அடித்து நின்றால் மகன் சிவகாசியில் பஸ் ஏறிவிட்டான். இரண்டு என்றால் தாமதம். மூன்று என்றால் லோடு போகிறது, சாப்பாடு எடுத்து வைக்க வேண்டாம். எத்தனை அடித்தாலும் யாரும் எடுக்கக் கூடாது. ஒருமுறை என் மனைவி ஆசையாக எடுத்துவிட்டாள். மகனுக்கு ஒரு ரூபாய் நஷ்டம். அவளுக்கு அன்று சாயங்காலம் முழுவதும் என் பேச்சு.

தெரியாத எண்ணையும் எடுப்பதில்லை. எடுத்தால் காலர் டியூன் விற்கும் ஒரு பெண், என்னை அழைக்கும் நண்பர்கள் சாமி பாட்டுக் கேட்க வேண்டாமா என்பாள். என்னை அழைக்கும் நண்பர்கள் இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் காது கேட்காது.

ஒரு நாள் மத்தியானம் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள்.

“சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனியில வெடிச்சிருச்சாம். டி.வி.ல எழுத்து ஓடுது. எந்தக் கம்பெனின்னு போடலை. அவனுக்கு அடிங்க.”

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டி, பீடியோடு சேர்த்து கேட்டில் வாட்ச்மேனிடம் அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். தெரிந்தும் அழுத்தினேன். மகனின் போன்வரை போகவே இல்லை. என் கணக்கின் காலம் முந்தாநாளோடு முடிந்துவிட்டது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. நாற்பத்தொரு ரூபாய் மிச்சம் இருக்கிறதே, அதற்குள் எதற்கு இன்னொரு கார்டு என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். இனிச் சில நாளைக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு வரும். நாங்கள் கூப்பிட முடியாது.

“நாப்பத்தோரு ரூவா இருக்கே” என்றேன்.

“இருக்கட்டும். சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுப் பூப் போடுங்க. மொதல்ல கடைக்கு ஓடிப்போய்க் கார்டு வாங்குங்க.”

சட்டையில் ஒரு கை நுழைத்திருந்தபோது போன் அடித்தது. புது எண்.

ஒன்று. இரண்டு. மூன்று. நிற்கவில்லை. நான்கு.

“எடுங்க!”

“இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்.”

“என்னத்த எண்ணுதீக?”

பதினொன்றில் நின்றது. உடனே மறுபடி ஆரம்பித்தது. “புது நம்பர். பாட்டு விக்கிற பொம்பளையா இருக்கும்” என்றேன். அப்படி நினைத்துச் சொல்லவில்லை. மகன் விஷயமாக வேறு யாரோ அழைக்கிறார்கள் என்றால், மணி அடித்துக்கொண்டே இருக்கும்வரை அவர்கள் சொல்லப் போவது என் காதில் விழாது. அதுவும் முழுதாக அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை அடித்தபோது மனைவி போனைப் பிடுங்கிப் பச்சையை அழுத்தினாள். கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே போனை என்னிடம் நீட்டினாள்.

“ஏம்ப்பா, ரெண்டு தடவை முழுசா அடிச்சேன். எடுக்க மாட்டீகளா?” மகனின் குரல்தான்.

“மூணுக்கு மேல அடிச்சா என்ன அர்த்தம்லே?”

“எடுங்கன்னு அர்த்தம்ப்பா!”

அவன் கம்பெனி இல்லையாம். இரண்டு கம்பெனி தள்ளியாம். அங்கே எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. “எல்லாரும் பின்னால வேலியத் தாண்டி ஓடியாந்துட்டோம். போனெல்லாம் கேட்டுல கெடக்கு. இது டீக்கடை அண்ணாச்சி போனு.”

அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்: “தம்பி, சீக்கிரம் குடுங்கய்யா. வெடிச்சதக் கேட்டு எம்புள்ள பள்ளிக்கூடத்துல அழுதுக்கிட்டிருக்கும்.” இன்னொரு குரல்: “அண்ணாச்சி, கார்டுல எம்புட்டுக் கெடக்கு? எங்க வரைக்கும் வருமா?”

“எத்தனை பேர்லே நிக்காக?”

“முப்பது பேர் இருக்கும்ப்பா.”

மனைவி கையை நீட்டினாள். “குடுங்க, சாப்பிட்டானான்னு கேக்கணும்.”

“வையிலே. அடுத்தவுகளுக்குக் குடு” என்று சொல்லிச் சிவப்பை அழுத்தினேன்.

இன்றுவரை வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம் அவள் சொல்கிறாள்: “வர்ற காலுக்குக் காசே கெடையாது. பெத்த பிள்ள உசுரோட பேசுதான், அதையும் கட் பண்ணின மனுசன் இவுக.” வந்தவர்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். விளக்கம் சொல்லலாம். சொன்னால் அந்த முப்பதாவது ஆள் வரைக்கும் கார்டு வந்ததா என்று கேட்பாள். மகன் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான், அவனுக்கும் தெரியவில்லை.