சாமிக்கு வைத்த காபி

போன திங்கட்கிழமை திருச்சுழியில் சாமி கும்பிட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டல். என் மனைவிக்கு ஃபில்டர் காபியும் எனக்கு வெந்நீரும் சொன்னேன். சப்ளையர் ஒரு மாதிரி பார்த்து, "சுகரா சார்? சீனியில்லாம தரவா?" என்றார். சுகர் இல்லை, வேண்டுதல் என்று அவரிடம் எங்கே போய் விளக்குவது? அவள் டவராவில் ஊற்றி ஆற்றினாள். வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய குழப்பம் வந்துவிட்டது. நீங்களாவது கேட்டு ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கல்யாணமான புதிதில் இதே ஊரில் ஒரு நூல் கடையில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கடை திறக்கும் வரை அண்ணாச்சியின் காபி கிளப்பில்தான் இருப்பேன். உள்ளே நுழைந்தால் காபி வாசமும் ஊதுபத்தி வாசமும் கலந்து வரும். எனக்கு இன்றைக்கும் ஊதுபத்தி கொளுத்தினால் நாக்கு ஊறுகிறது, பூஜையில் உட்கார்ந்திருக்கும்போதே. அண்ணாச்சி முதல் டிகாக்‌ஷனில் கலந்த முதல் தம்ளரை முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவார். பிறகு அதை எடுத்து, முதலில் வந்தவர் கையில் கொடுப்பார். அது பிரசாதம், காசு கிடையாது. பல நாள் முதலில் வந்தவன் நான்தான். பக்தி என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாதி பக்திதான்.

அப்போதுதான் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். முந்தின சாயங்காலம் திருச்சுழிக்கு ஓடினேன். பீடி, வெற்றிலை எதுவும் எனக்குக் கிடையாது. சிவனிடம் விட்டுக்கொடுக்க வேறு என்ன இருக்கிறது? "அவள உசுரோட குடுத்துரு. இனி காபியத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் மதுரை பஸ்ஸுக்கு வந்தவன், பழக்கத்தில் கிளப்புக்குள் போய்விட்டேன். அண்ணாச்சி தம்ளரை எடுத்து நீட்டினார்.

"அண்ணாச்சி, நேத்துத்தான் காபிய விட்டேன். வேண்டுதல்."

"இது காபியில்லய்யா, பிரசாதம். ஆஸ்பத்திரிக்குப் போறவன் சாமி குடுக்கறத வேண்டாங்கலாமா?"

கூட லோடு தூக்கும் கருப்பையா பெஞ்சிலிருந்து கத்தினான். "ஏலே, நீ சொன்னது சிவங்கிட்ட. இது அவரு மகன் குடுக்கறது. அப்பனும் மகனும் பேசித் தீத்துக்கிடுவாக, நீ குடி!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தம்ளரை வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டேன். குடித்தால் வாக்குத் தவறியவன். மறுத்தால் பிரசாதத்தைத் தள்ளியவன். எந்தப் பாவம் அவள் தலையில் விடியும்? கண்ணில் ஒற்றிக் குடித்துவிட்டேன். மதுரை போகிறவரைக்கும், "முருகா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு" என்று புலம்பிக்கொண்டே போனேன்.

பிழைத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னதும், "சிரிக்க வைக்காதீக, தையல் இழுக்குது" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "அண்ணாச்சி முருகன் படத்துக்கு வச்சத மட்டும் குடிங்க. வேற எங்கயும் தொடாதீக."

அப்படியே இருந்தேன். ஆனாலும் ஒன்று விளங்கவில்லை. நான் காபியை விட்டதால் சாமி அவளைக் கொடுத்தாரா, குடித்ததால் கொடுத்தாரா? கோயில் குருக்களிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீங்க நல்லாத்தான இருக்கீங்க?" என்று விபூதி கொடுத்தார்.

அண்ணாச்சி காலமாகிவிட்டார். கிளப் இருந்த இடத்தில் செல்போன் கடை.

அன்றைக்கு ஓட்டலில் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு காபி சொன்னாள். "இங்கயும் முருகன் படம் இருக்குல்ல. கொண்டுபோயி வச்சுட்டு வாங்க." கல்லாவுக்கு மேலே, சீரியல் பல்பு போட்ட படம். தம்ளரோடு போய் நின்றேன். வைக்க இடமில்லை. கல்லாவில் இருந்தவர் போனைக் காதிலிருந்து எடுத்து, "என்ன சார், ஆறிப்போச்சா? மாத்தித் தரச் சொல்லவா?" என்றார்.

"இல்லய்யா, நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பி வந்தேன். படம் எல்லாக் கடையிலும் இருக்கிறது. தம்ளரை வைத்துக் கும்பிட்டு எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் காபியையும் அவளே குடித்தாள்.